ஆய்வு முடிவை வார்டுக்குள் கொண்டுவருவது எப்படி: அறுவைக்கு முந்தைய ஒரு டம்ளர் தண்ணீரை முன்வைத்து

பிற்பகல் ஒன்றரை மணி. குடலிறக்க அறுவைக்காகக் காத்திருந்த வயதான ஓர் அம்மா, உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாய் தண்ணி குடும்மா, கொப்பளிச்சுத் துப்பிடறேன்" என்று கேட்டார். முந்தைய இரவு பத்து மணிக்கு மாத்திரையோடு குடித்ததுதான் அவர் கடைசியாகக் குடித்த தண்ணீர். தலைமாட்டில் 'என்.பி.ஓ.' (வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது) என்று எழுதிய அட்டை தொங்கியது. நான் பஞ்சை நனைத்து அவர் உதட்டைத் துடைத்துவிட்டேனே தவிர, தண்ணீர் கொடுக்கவில்லை. அவரை ஓ.டி.க்கு, அதாவது அறுவை அரங்குக்கு, அழைத்தபோது மணி மூன்று. பதினேழு மணி நேரம் ஒரு சொட்டு நீர் இல்லாமல் இருந்திருக்கிறார்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு 2 மணி நேரம் முன்பு வரை, வேறு சிக்கல் இல்லாத நோயாளி தண்ணீர் குடிக்கலாம் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 1999-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டி வெளியிட்டிருந்தது. அதையொட்டிய நெறிமுறையை இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கமும் 2020-இல் வெளியிட்டது. அந்த அறிவு வார்டு வாசல் வரை வந்து வெளியிலேயே நின்றுகொண்டிருந்ததை நான் பிறகுதான் உணர்ந்தேன். ஆய்வு அடிப்படையிலான செவிலியப் பணி என்றதும் கட்டுரைகளைத் தேடிப் படிப்பதே அது என்று பலரும் எண்ணிக்கொள்கிறோம். படிப்பது அதில் சிறு பகுதிதான். ஓர் ஆய்வு முடிவு எந்த டியூட்டியில், எத்தனை மணிக்கு, யார் கையால் செய்யப்பட்டு, எந்தப் பதிவேட்டில் எழுதப்படும் என்ற அளவுக்கு இறங்கி வந்தால்தான் அது நோயாளியைச் சேரும். அப்படி இறக்கிக் கொண்டுவரும் வழியை, இந்த ஒரு டம்ளர் தண்ணீரையே எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன்.

கேள்வியைக் கட்டிலருகிலிருந்து எடுங்கள்

தொடங்கும்போது பெரிய தலைப்புகளைத் தேட வேண்டாம். உங்கள் டியூட்டியில் நாள்தோறும் மனதை உறுத்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது செவிலியர் கைக்கு எட்டும் செயலாக இருக்க வேண்டும். பலருக்கு நடப்பதாக இருக்க வேண்டும். மாற்றினால் நோயாளிக்கு நன்மையும், மாற்றாவிட்டால் கண்கூடான துன்பமும் இருக்க வேண்டும். படுக்கைப் புண், நரம்பு ஊசி போட்ட இடம் வீங்குவது, சிறுநீர்க் குழாயைத் தேவைக்கு மேல் விட்டுவைப்பது போன்றவை எல்லாம் இப்படிப்பட்ட கேள்விகளே.

கேள்வியை நான்கு கூறுகளாகப் பிரித்து எழுதிக்கொண்டால் தேடுவது எளிதாகும்: யாருக்கு, என்ன செய்கிறோம், எதற்குப் பதிலாகச் செய்கிறோம், என்ன விளைவைப் பார்க்கிறோம். எங்கள் கேள்வி இப்படி அமைந்தது: திட்டமிட்ட அறுவைக்குக் காத்திருக்கும் பெரியவர்களுக்கு, நள்ளிரவிலிருந்து எதுவும் கொடுக்காமல் இருப்பதற்குப் பதிலாக, மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்பு வரை தண்ணீர் கொடுத்தால், இரைப்பையில் இருப்பது நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்து கூடுமா? "நோயாளிக்குத் தாகம் எடுக்கிறதே, என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்காது. மயக்க மருத்துவரும் நம்மிடம் பேச உட்கார்ந்திருக்க மாட்டார்.

வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஒரு வழக்கத்தை மாற்ற வேண்டுமானால், அது ஏன் பிறந்தது என்பதை அறிந்து, அதற்குரிய மதிப்பைக் கொடுத்த பிறகே மாற்ற வேண்டும். நியூயார்க்கில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன் 1946-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 44,016 கர்ப்பிணிகளின் பதிவுகளில், 66 பேருக்கு மயக்க நிலையில் இரைப்பையில் இருந்தவை நுரையீரலுக்குள் சென்றிருந்தன. அவர்களில் இறந்த இருவருமே திட உணவு மூச்சுப்பாதையை அடைத்ததால் இறந்தவர்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்துப் பாதுகாக்கும் முறை பிரசவ அறைகளில் பரவாத காலம் அது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் பின்னர் வந்தவர்கள் திட உணவுக்குரிய எச்சரிக்கையைத் தண்ணீருக்கும், பிரசவத்துக்குரியதை எல்லா அறுவைகளுக்கும் நீட்டி, 'இரவு 12 மணிக்கு மேல் ஒன்றும் கிடையாது' என்று ஒரே வரியாகச் சுருக்கிவிட்டார்கள். நள்ளிரவு என்பது நினைவில் வைக்க எளிதான நேரம். நோயாளியின் இரைப்பைக்கு அந்த நேரத்தோடு எந்த உறவும் இல்லை.

தேடுவதும் படிப்பதும்

முதலில் தனி ஆய்வுகளுக்குப் போகாதீர்கள். நெறிமுறைகளையும், பல ஆய்வுகளைத் தொகுத்து அலசிய மீளாய்வுகளையும் பாருங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வுகளுக்கு எளிய மொழிச் சுருக்கம் உண்டு. அவற்றுள் பல தமிழிலேயே இணையத்தில் இருக்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இரவு டியூட்டியில் கிடைக்கும் அரை மணி நேரத்தில் ஒரு சுருக்கத்தைப் படித்து முடித்துவிடலாம். பெரியவர்கள் அறுவைக்கு முன் பட்டினி இருப்பது பற்றிய காக்ரேன் மீளாய்வு 2003-இல் வந்தது. அது 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, திரவம் அருந்தாத நேரத்தைக் குறைப்பதால் ஆபத்து கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று கண்டது. தண்ணீர் குடித்தவர்களின் இரைப்பையில் மிஞ்சியிருந்த நீர், பட்டினியாக இருந்தவர்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது என்ற செய்தியைப் படித்தபோது, அந்த அம்மாவின் முகம்தான் என் கண் முன் வந்தது.

படிக்கும்போது புள்ளிவிவரக் கணக்குகளைக் கண்டு மலைக்க வேண்டாம். சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் போதும். ஆய்வில் பங்கேற்றவர்கள் யார்? அவர்களில் யாரை விலக்கினார்கள்? எதை அளந்தார்கள்? தீங்கு ஏற்பட்டதா என்று தேடிப் பார்த்தார்களா? இவற்றுள் இரண்டாவது கேள்வியே பெரிய விபத்துகளைத் தவிர்க்கும். மேற்சொன்ன மீளாய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆபத்து குறைந்தவர்கள். அவசர அறுவைக்கு வருபவர்கள், குடலடைப்பு உள்ளவர்கள், பிரசவ வலியில் இருப்பவர்கள், நீண்டகால நீரிழிவால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்கள், எதுக்களிப்பு மிகுதியாக உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த 2 மணி நேரக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. அவர்களுக்கு மயக்க மருத்துவர் தனித்தனியாகச் சொல்வதே முடிவு. அண்மையில் எடைக் குறைப்புக்கும் நீரிழிவுக்கும் தரப்படும் செமாகுளுடைடு போன்ற ஊசிகளும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. எனவே சேர்க்கையின்போதே அவற்றைப் பற்றிக் கேட்டு எழுதிவிட வேண்டும்.

நம் வார்டுக்குப் பொருந்துமா?

நல்ல ஆய்வு என்பதற்காகவே ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவர முடியாது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்த 942 பேரை 2 மணி, 3 மணி, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை எனப் பிரித்துப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். படுக்கைப் புண் ஏற்படுவதில் மூன்று பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினால் போதுமே" என்று ஆட்பற்றாக்குறை உள்ள எந்த வார்டுக்கும் தோன்றும். ஆனால் அங்கே எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான ஃபோம் மெத்தையில். நம் நோயாளி படுத்திருப்பது ரெக்சின் உறை போட்ட, நடுவில் குழிந்துபோன தென்னைநார் மெத்தையில். மெத்தையை மாற்றாமல் புரட்டும் நேரத்தை மட்டும் மாற்றினால், அது ஆய்வைப் பின்பற்றியது ஆகாது. ஆய்வில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது ஆகும்.

நரம்பு ஊசிக் குழாயின் கதையும் இப்படியே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு, குறித்த நாளில் கட்டாயமாக மாற்றுவதற்கும், அறிகுறி தோன்றினால் மட்டும் மாற்றுவதற்கும் இடையே, ஊசி போட்ட இரத்தக் குழாய் அழற்சியடைவதில் வேறுபாடு இல்லை, இரண்டிலும் 7 விழுக்காடு என்று காட்டியது. உலகம் முழுவதும் பல மருத்துவமனைகள் அதன்படி மாறின. பிறகு ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்களின் பதிவுகளை அலசி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறி தோன்றினால் மட்டும் மாற்றும் முறைக்கு வந்த பிறகு, எண்ணிக்கையில் சிறிதே ஆனாலும், இரத்த ஓட்டத் தொற்றுகள் கூடியதைக் கண்டார்கள். பழைய முறைக்குத் திரும்பியதும் அவை குறைந்தன. 'அறிகுறி தோன்றினால்' என்ற சொல், அறிகுறியைப் பார்க்க ஒவ்வொரு டியூட்டியிலும் ஒருவர் கட்டாயம் வருவார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நாற்பது நோயாளிகளுக்கு இரவில் ஒரே செவிலியர் இருக்கும் வார்டில் அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்று யோசித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

"நம் வார்டில் அப்படியெல்லாம் ரொம்ப நேரம் பட்டினி போடுவதில்லை" என்று எல்லோரும் உண்மையாகவே நம்புவார்கள். அதனால் முதலில் அளக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தொடர்ந்து வரும் இருபது நோயாளிகளுக்கு, கடைசியாக உண்ட நேரம், கடைசியாகக் குடித்த நேரம், மயக்க மருந்து தொடங்கிய நேரம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். முதல் இரண்டையும் கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதாமல், நோயாளியிடமே கேட்டு எழுதுங்கள். ஷீட்டில் உத்தரவுதான் இருக்கும், நடந்தது இருக்காது. மூன்றாவதை மயக்கப் பதிவிலிருந்து எடுக்கலாம். பெயர் வேண்டாம், எண் போதும். கண்காணிப்பாளரிடமும் துறைத் தலைவரிடமும் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுவிடுங்கள். மருத்துவமனைக்கு நெறிமுறைக் குழு இருந்தால் அதன் ஒப்புதல் தேவையா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது. இந்த நோட்டு யாரையும் குற்றம் சாட்டுவதற்கு அன்று என்பதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லுங்கள். யார் டியூட்டியில் நடந்தது என்ற கட்டம் அதில் இருக்கவே கூடாது.

தயங்குபவர்களின் காரணத்தைக் கேளுங்கள்

நோட்டை எடுத்துக்கொண்டு மயக்க மருத்துவரிடம் போங்கள். அவர் மறுத்தால் அவரிடம் பெரும்பாலும் உண்மையான காரணம் இருக்கும். எங்களிடம் அவர் சொன்னது இது: "இரண்டு மணி நேரம் என்று எனக்கும் தெரியும், சிஸ்டர். ஆனால் லிஸ்டில் நான்காவதாக இருப்பவரை, முதல் கேஸ் தள்ளிப்போனதால் திடீரென்று கூப்பிட வேண்டியிருக்கும். அப்போது 'இப்போதுதான் டீ குடித்தார்' என்றால் நான் என்ன செய்வேன்?" அவர் சுட்டிக்காட்டியது ஓ.டி. லிஸ்ட் வரிசை மாறும் சிக்கலை. அறுவை மருத்துவருக்கோ கேஸ் ரத்தாகிவிடுமோ என்ற கவலை. இரவு சிஸ்டருக்கோ, தண்ணீர் கொடு என்றால் உறவினர் பால் கலந்த காபியைக் கொடுத்துவிடுவாரோ, பழி தன் மேல் வருமோ என்ற பயம். இவை மூன்றுக்கும் வழி காணாமல் ஆய்வுக் கட்டுரையை மட்டும் நீட்டியிருந்தால், எல்லோரும் தலையாட்டிவிட்டு நள்ளிரவுக்கே திரும்பியிருப்பார்கள்.

வேலையோடு கோத்துவிடுங்கள்

இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். மருத்துவரின் சிக்கலுக்கு நாங்கள் கண்ட வழி: லிஸ்டில் எந்த இடத்தில் இருந்தாலும், எல்லோரையும் முதல் கேஸ் என்றே வைத்துக்கொண்டு, காலை 6 மணிக்கு இரவு சிஸ்டர் எல்லோருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார். அப்போதுதான் அவர் வெப்பநிலையும் இரத்த அழுத்தமும் பார்க்கக் கட்டில் கட்டிலாகப் போகிறார். அந்தச் சுற்றோடு தண்ணீரும் சேர்ந்துகொண்டது, தனி வேலையாக நிற்கவில்லை. காலை மாத்திரைகளில் மயக்க மருத்துவர் தொடரச் சொன்னவற்றையும் அப்போதே கொடுத்துவிடலாம். அறுவை தொடங்கிய பிறகு, லிஸ்டில் கீழே இருப்பவர்களுக்காகப் பகல் சிஸ்டர் 9 மணிக்கு ஓ.டி.க்குத் தொலைபேசியில் ஒரே கேள்வி கேட்பார்: "அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் கூப்பிட வாய்ப்பில்லாதவர்கள் யார், யார்?" அந்தப் பெயர்களுக்கு மட்டும் மீண்டும் ஒரு டம்ளர்.

தலைமாட்டு அட்டையையும் மாற்றினோம். 'என்.பி.ஓ.' என்ற மூன்று எழுத்துக்குப் பதிலாக, 'சாப்பாடு நிறுத்திய நேரம்', 'தண்ணீர் நிறுத்திய நேரம்' என இரண்டு வரிகள் தமிழில். நோயாளியும் துணைக்கு இருப்பவரும் படித்துப் புரிந்துகொள்ளும் சொற்கள் அவை. கீழே, எதைக் குடிக்கலாம் என்ற விவரம். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை, ஏனெனில் 'தெளிந்த திரவம்' என்ற சொல்லை வீட்டுக்காரர்கள் அவரவர் சமையலறையை வைத்துத்தான் புரிந்துகொள்வார்கள். தண்ணீர், பால் கலக்காத டீ, பால் கலக்காத காபி, சக்கை இல்லாமல் வடிகட்டிய பழச்சாறு ஆகியவை தெளிந்தவை. பால், மோர், கஞ்சி, வடித்த கஞ்சித் தண்ணீர், ராகிக் கூழ், சத்துமாவுப் பானங்கள் எவையும் தெளிந்தவை அல்ல. பாலுக்கும் எளிய உணவுக்கும் 6 மணி நேரம், எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த உணவுக்கு 8 மணி நேரமோ அதற்கு மேலோ என்பது நெறிமுறைக் கணக்கு. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம். இளநீர் பற்றி ஒவ்வொரு நாளும் யாராவது கேட்பார்கள். அதை உங்கள் மயக்க மருத்துவரிடம் ஒரு முறை கேட்டு, அவர் சொன்னதை அட்டையிலேயே எழுதிவிடுங்கள், ஒவ்வொரு டியூட்டியும் ஒவ்வொரு விதமாகச் சொல்லக் கூடாது. பூரி, வடை, இறைச்சிக் குழம்பு போன்றவற்றை முந்தைய இரவு வெளியிலிருந்து வாங்கி வந்துவிடுவார்கள் என்பதால், மாலைப் பார்வையாளர் நேரத்திலேயே குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் கொடுக்கக் கூடாதவர்களின் அட்டை வேறு நிறத்தில் இருக்கட்டும். எங்களிடம் அது சிவப்பு. அதை மாற்றும் உரிமை மயக்க மருத்துவருக்கு மட்டுமே.

எல்லா வார்டிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு வார்டு, வாரத்தில் ஓர் ஓ.டி. நாள், ஒரே அறுவைக் குழு என்று தொடங்குங்கள். அன்று மாலையே பத்து நிமிடம் உட்கார்ந்து எங்கே தடுமாறியது என்று பேசுங்கள். எங்களுக்கு முதல் நாளே தடுமாறியது டம்ளரில்தான்: வார்டில் போதிய டம்ளர் இல்லை. இரண்டாம் வாரம், 9 மணித் தொலைபேசியை ஓ.டி.யில் எடுப்பார் இல்லை. அங்கே ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்த பிறகே சரியானது. அதே நோட்டில் மீண்டும் இருபது பேரின் நேரங்களை எழுதி, பழைய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். கூடவே, கேஸ் ரத்தானதா, மயக்கம் கொடுக்கும்போது வாந்தி வந்ததா என்பதையும் எழுதுங்கள். நன்மையை மட்டும் எண்ணுகிற கணக்கை மயக்க மருத்துவர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

விட வேண்டிய பழக்கம்

புதியதைச் சேர்ப்பதைவிடப் பழையதை விடுவது கடினம். மூக்கு வழியாகப் போட்ட ரைல்ஸ் டியூப் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று அறிய, சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி வயிற்றின் மேல் ஸ்டெத்தஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்பதை நாம் எல்லோரும் மாணவப் பருவத்தில் கற்றோம். குழாயின் நுனி நுரையீரலில் இருந்தாலும் அதே சத்தம் வயிற்றில் கேட்கக்கூடும் என்பதால் அது நம்பத்தக்கதன்று. இங்கிலாந்தின் தேசிய நோயாளிப் பாதுகாப்பு முகமை 2005-இலேயே அந்த முறையைக் கைவிடச் சொல்லி, குழாய் வழியே உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கவும், திரவம் வராவிட்டாலோ ஐயம் இருந்தாலோ எக்ஸ்ரே எடுக்கவும் அறிவுறுத்தியது. "காற்றடித்துக் கேட்காதே" என்று மட்டும் சொன்னால் யாரும் விட மாட்டார்கள். பி.எச். தாள் அவர்கள் கைக்கெட்டும் தட்டில் இருக்க வேண்டும். உணவு கொடுக்கும் அட்டவணையில் 'பி.எச். அளவு' என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். அந்தக் கட்டம் நிரம்பாமல் பால் ஊற்றக் கூடாது என்ற உத்தரவும் வேண்டும். தாள் தீர்ந்தால் பழக்கம் அன்றே திரும்பிவிடும் என்பதால், ஸ்டோர் இன்டென்டில் (பொருள் கேட்கும் பட்டியலில்) அதை மாதாந்திரப் பொருளாகச் சேர்க்க இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவையுங்கள்.

ஆட்கள் மாறும்போது

வார்டில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்) சுழற்சியில் வந்து போவார்கள், மாணவச் செவிலியர் வாரக்கணக்கில் மாறுவார்கள், சிஸ்டருக்கும் இடமாற்றம் வரும். பழைய என்.பி.ஓ. உத்தரவு பெரும்பாலும் புதிய ஹவுஸ் சர்ஜனின் கையெழுத்தோடுதான் திரும்பி வரும், ஏனெனில் அவர் படித்த இடத்தில் அப்படித்தான் எழுதினார்கள். அதனால் அவர் வரும் முதல் நாளே அட்டையைக் காட்டி விளக்கிவிடுங்கள். டியூட்டி மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில், 'கடைசியாகக் குடித்த நேரம்' என்பதை அறுவைக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் வாய்விட்டுச் சொல்லும் வழக்கத்தை உண்டாக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்துப் பேரின் நேரத்தை மட்டும் மீண்டும் எழுதிப் பாருங்கள். நெறிமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை தேடவும் ஒருவரை நியமியுங்கள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அறுவை அன்று நடக்காது என்று ஓ.டி.யிலிருந்து செய்தி வந்தால், அந்தச் செய்தி நோயாளியைச் சென்றடையப் பல நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை அட்டையும் தொங்குகிறது, பட்டினியும் தொடர்கிறது. தொலைபேசியை வைத்ததும், கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கு முன்பே, நேராகக் கட்டிலுக்குப் போய் அட்டையைக் கழற்றுங்கள். சாப்பிடத் தடை வேறு எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, குடிக்கத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, சமையலறைக்கு ஆள் அனுப்புங்கள்.